துருப்பிடித்த வார்ப்பிரும்புச் சட்டியை மீட்டுப் பழக்கும் முறை

பரணிலோ கொல்லைப்புறத்திலோ பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, செங்கல் தூள் பூசியதுபோல் துருவேறிய வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று கைக்கு வரும்போது, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடுபவர்களே அதிகம். அப்படிப் போடுவதற்கு முன் இரண்டு நாள்களை அதற்காக ஒதுக்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விரிசல் விடாத வார்ப்பிரும்பு அநேகமாக எந்த நிலையிலிருந்தும் மீளக்கூடியது. துரு பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே அரித்திருக்கும். உரிந்தும் கருகியும் போயிருப்பது அதன் மேல் இருந்த எண்ணெய்ப் படலம். அதை வீட்டிலேயே புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். வார்ப்பிரும்பை இதுவரை கையாண்டிராதவர்களை மனத்தில் வைத்து, பழைய பாத்திரத்தைச் சோதிப்பதில் தொடங்கி, அதைப் பழக்கி அன்றாடம் பயன்படுத்துவது வரை இங்கே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். புதுப் பாத்திரம் வாங்கியவர்கள் நேராகக் கழுவி உலர்த்தும் பகுதிக்குச் சென்றுவிடலாம்.

பழக்குவது என்றால் என்ன

இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றி எடுக்கும் பாத்திரம் இது. எடையில் ஏறக்குறைய 2 முதல் 4 சதவீதம் வரை கரிமமும் சிறிதளவு சிலிக்கானும் கலந்திருப்பதால், வார்ப்பிரும்பு எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். அதே காரணத்தால் வளைந்து கொடுக்காது, கல் தரையில் விழுந்தால் உடைந்துவிடும். மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அடிப்படை முறை அதுதான். புதுச் சட்டியின் உட்புறத்தைத் தடவினால் விரலில் படும் சொரசொரப்பு அந்த மணலின் தடம். பழைய சட்டிகள் சிலவற்றில் உட்புறத்தைக் கடைந்து வழவழப்பாக்கியிருப்பார்கள். இரண்டு வகையும் நன்றாகவே பழகும் என்பதால், சொரசொரப்பைப் போக்குகிறேன் என்று உப்புத்தாளை எடுக்க வேண்டியதில்லை.

வெறும் இரும்பின் மேல் சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவிச் சூடேற்றும்போது, எண்ணெயில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து இறுகுகின்றன. அதன் பிறகு அது எண்ணெய் அன்று. விரலால் தொட்டால் ஒட்டாது, சோப்பு நீரில் கரையாது, இரும்போடு ஒன்றிப்போன கடினமான படலமாகிவிடும். மரச் சாமான்களில் ஆளிவிதை எண்ணெய் பூசினால் சில நாள்களில் காய்ந்து இறுகுவதும் இதே வினைதான். சட்டியில் வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. இப்படி அடுக்கடுக்காகப் படலம் ஏற்றுவதையே பழக்குவது என்கிறோம். துருவைத் தடுப்பதும், உணவு அடிப்பிடிக்காமல் காப்பதும் இந்தப் படலத்தின் வேலை.

இதிலிருந்து ஒன்றை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படலம் மெல்லியதாக இருந்தால்தான் முழுவதுமாக இறுகும். எண்ணெய் தடித்து நின்றால் அதன் மேற்பகுதி தோல்போல் காய, அடிப்பகுதி பிசினாகவே தங்கிவிடும். பழக்குவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கூடுதலாக எண்ணெய் விடுவதால் நேர்பவை.

முதலில் சோதித்துப் பாருங்கள்

சுத்தம் செய்ய உட்காருவதற்கு முன் பாத்திரம் அந்த உழைப்புக்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு, மரக்கரண்டியால் விளிம்பிலும் அடியிலும் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல சட்டி மணிபோல் ஒலித்து, ஓசை சிறிது நேரம் நீளும். விரிசல் இருந்தால் ஓட்டைத் தட்டியதுபோல் சப்பென்று அடங்கிவிடும். தடித்த துருவும் கரியும் ஓசையை ஓரளவு மழுக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் சுத்தம் செய்த பிறகு மறுபடியும் தட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலும் சூட்டில் விரியக்கூடியது. அத்தகைய பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பலகை போன்ற தட்டையான பரப்பில் வைத்து ஓரங்களை அழுத்தும்போது ஆடினாலோ, சுண்டிவிட்டால் பம்பரம்போல் சுழன்றாலோ, அடி கோணியிருக்கிறது என்று பொருள். எரிவாயு அடுப்பில் சிறு கோணல் ஒரு குறையன்று. தட்டையான கண்ணாடி அடுப்பிலும் மின்தூண்டல் அடுப்பிலும் அது தொல்லை தரும்.

மூன்றாவது எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூண்டில் எடைகளும் துப்பாக்கிக் குண்டுகளும் செய்வதற்காகச் சிலர் பழைய இரும்புச் சட்டிகளில் ஈயத்தை உருக்கியிருக்கிறார்கள். உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் மென்மையான உலோகத் திட்டு தெரிந்தாலோ, பாத்திரம் பட்டறையிலிருந்து வந்தது என்று தெரிந்தாலோ, அதைத் தேய்க்கவும் வேண்டாம், அதில் சமைக்கவும் வேண்டாம். ஈயம் நஞ்சு. தேய்க்கும்போது எழும் தூளும் நஞ்சே. உள்ளே பளபளப்பான எனாமல் பூச்சு உள்ள பாத்திரங்களுக்கும் இக்கட்டுரையில் சொல்லும் முறைகள் பொருந்தா. அவற்றைப் பழக்கத் தேவையே இல்லை.

எவ்வளவு ஆழமாகச் சுத்தம் செய்வது

எல்லாச் சட்டியையும் வெறும் இரும்பு தெரியும்வரை உரிக்க வேண்டும் என்பதில்லை. கறுத்த படலம் பெரும்பாலும் நன்றாக இருந்து, அங்கங்கே மட்டும் துருப் புள்ளிகள் தெரிந்தால், வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, எஃகு நார் ஆகியவற்றைக் கொண்டு அந்த இடங்களை மட்டும் தேய்த்துவிட்டு நேராகப் பழக்கத் தொடங்கலாம். கல்லுப்பும் சில துளி எண்ணெயும் இட்டுத் துணியால் தேய்ப்பதும் மெல்லிய துருவை எடுத்துவிடும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

வெளிப்புறம் எங்கும் மரப்பட்டைபோல் கரி ஏறியிருந்தாலோ, உட்புறத்தில் பழைய படலம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தாலோ, முழுவதையும் நீக்கிவிடுவதே சரி. ஆடிக்கொண்டிருக்கும் செதிலின் மேல் புதுப் படலம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே உதிரும். இங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் கரியையும் பிசுக்கையும் நீக்க வேண்டும், அதன் பிறகே துருவை. கரிக்கு அடியில் ஒளிந்திருக்கும் துருவை எந்த அமிலமும் எட்டாது. கரியை நீக்குவது காரம், துருவை நீக்குவது அமிலம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

கரியை நீக்க எளிய வழி, ஓவன்களைச் சுத்தம் செய்ய விற்கப்படும் நுரைத் தெளிப்பான். அதில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, இருக்கிறதா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் முழுவதும் தாராளமாக அடித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, ஒன்று அல்லது இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். திறக்கும்போது கரி ஊறிக் கூழாகியிருக்கும். கையுறையோடு தேய்த்துக் கழுவிவிட்டு, மிச்சம் இருந்தால் மறுபடியும் அடிக்கலாம். கனத்த கரி ஏறிய பாத்திரத்துக்கு மூன்று நான்கு சுற்று ஆனாலும் வியப்பில்லை.

பாத்திரங்கள் பல இருந்தால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பது சிக்கனம். தடித்த பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் குளிர்ந்த நீர் எடுத்து, அதில் ஏறக்குறைய 250 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். நீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத திறந்த வெளியில், மூடிபோட்டு வையுங்கள். அலுமினியப் பொருள் எதுவும் அதில் படக்கூடாது. காரம் அலுமினியத்தைக் கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மரக் கைப்பிடி இருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். தோலில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடமாவது நீர்விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவ்வளவு எச்சரிக்கை சொன்னாலும், முறையாகக் கையாண்டால் வார்ப்பிரும்புக்கு இதைவிட மென்மையான முறை இல்லை. ஒரு வாரம் ஊறினாலும் காரம் இரும்பைத் தின்னாது.

துருவுக்கு வெள்ளை வினிகர் போதும். வினிகரும் நீரும் சம அளவு கலந்து, பாத்திரம் முழுவதும் மூழ்கும்படி வைத்து, அரை மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்து எஃகு நாரால் தேய்த்துப் பாருங்கள். துரு கரைந்து சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அமிலம் துருவைத் தின்று முடித்ததும் இரும்பைத் தின்னத் தொடங்கும் என்பதால், இரவு முழுவதும் ஊறவிடுவது பெருந்தவறு. மறுநாள் காலையில் மேற்பரப்பு குழி குழியாகப் புள்ளிவிட்டிருக்கும், அதைச் சரிசெய்ய வழி இல்லை. வெளியே எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவினால் எஞ்சிய அமிலம் அடங்கிவிடும். காரத்தில் ஊறிய பாத்திரத்தை நன்றாகக் கழுவிய பிறகே வினிகரில் இறக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையும் உண்டு. மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் முதல் பாத்திரத்தோடு மல்லுக்கட்டும் ஒருவர் அதில் இறங்க வேண்டிய தேவை இல்லை. பின்னாளில் முயல்பவர்கள், எதிரே தொங்கவிடும் தகட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தக் கூடாது என்பதை மறக்க வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மையுள்ள வடிவத்தில் நீரில் கலந்துவிடும்.

நெருப்பில் போட்டால் கரியெல்லாம் எரிந்து போய்விடும் என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அருமையான பழைய சட்டி ஒன்றை விறகு நெருப்புக்குள் வைத்து எடுத்தார். கரி போனது உண்மைதான். ஆனால் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிறத் திட்டு ஒன்று நிலைத்துவிட்டது. துருவாக இருந்தால் வினிகரில் கரைந்திருக்கும், அது கரையவில்லை. அளவுமீறிய சூட்டில் இரும்பின் மேற்பரப்பே மாறிவிட்டதால், எத்தனை முறை பழக்கினாலும் அந்த இடத்தில் மட்டும் படலம் பிடிக்காமல் உரிந்துகொண்டே இருக்கிறது. நெருப்பில் பாத்திரம் கோணலாகவும் வாய்ப்புண்டு, விரிசல் விடவும் வாய்ப்புண்டு. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறும் ஓவன்களின் தானியங்கிச் சுத்திகரிப்புச் சுற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கழுவி உலர்த்துவது

புதுப் பாத்திரமானாலும் உரித்தெடுத்த பழைய பாத்திரமானாலும், பழக்குவதற்கு முன் சோப்பும் வெந்நீரும் கொண்டு ஒரு முறை நன்றாகக் கழுவுங்கள். புதுப் பாத்திரங்கள் சிலவற்றில் போக்குவரத்தின்போது துருப்பிடிக்காமல் இருக்க மெழுகோ எண்ணெயோ பூசியிருப்பார்கள். அது முழுவதும் போயாக வேண்டும்.

படலம் இல்லாத இரும்பு எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். கழுவி எடுத்த சட்டி ஈரத்தில் வெள்ளிபோல் சாம்பல் நிறத்தில் மினுங்கும். துணியை எடுத்துவரத் திரும்பி வருவதற்குள், நீர்த்துளி நின்ற இடங்களில் மஞ்சள் வளையம் தோன்றும். இன்னும் சில நிமிடங்களில் மேற்பரப்பு முழுவதும் இளம் ஆரஞ்சு நிறம் படரும். இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். இதைக் குறைக்க, கடைசியாகக் குளிர்ந்த நீரில் அலசி, உடனே துணியால் ஒற்றி எடுத்து, முன்பே 100 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த ஓவனிலோ, சிறு தணல் வைத்த அடுப்பிலோ 15 முதல் 20 நிமிடம் வைத்து உலர்த்துங்கள். கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும், அதைச் சூடு ஒன்றே வெளியேற்றும். எண்ணெய் தடவும் துணி, எண்ணெய்ப் புட்டி, கையுறை எல்லாவற்றையும் கழுவத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

எந்த எண்ணெய்?

நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய் எதுவும் பழக்கும். சூரியகாந்தி, சோயா, கனோலா, திராட்சை விதை எண்ணெய்கள் நன்றாக இறுகுகின்றன. நல்லெண்ணெயும் போதுமானது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது அவ்வளவு எளிதில் பிணைந்து இறுகாது. முதற்படலத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். வெண்ணெயில் நீரும் பால் திடப்பொருளும் இருப்பதால் அது கருகிவிடும்.

ஆளிவிதை எண்ணெயைப் பலர் போற்றுகிறார்கள். அதில் பாதிக்குமேல் எளிதில் இறுகும் கொழுப்பு இருப்பதால், படலம் கண்ணாடிபோல் கடினமாகவும் அழகாகவும் வருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கடினமே குறையாகி, சில மாதப் பயன்பாட்டில் செதிலாக உரிவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். அன்றாடம் சமைக்கும் பாத்திரத்துக்குச் சாதாரணச் சமையல் எண்ணெயே என் பரிந்துரை. ஆளிவிதை எண்ணெயைப் பயன்படுத்துபவர்கள், அது தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட வேண்டாம். இறுகும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளேயே தேங்கித் துணி தானாகத் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்துவிட்டோ, வெளியே விரித்துக் காயவைத்தோ பிறகு அப்புறப்படுத்துங்கள்.

படலம் ஏற்றுவது

உலர்த்திய பாத்திரம் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். நடுத்தரச் சட்டிக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெய் போதும். அதை உள், வெளி, அடி, விளிம்பு, கைப்பிடி, கைப்பிடியின் ஓட்டை என்று ஓரிடம் விடாமல் துணியால் தேய்த்துப் பரப்புங்கள்.

இப்போதுதான் முக்கியமான வேலை. எண்ணெய்ப் பசையில்லாத வேறொரு பருத்தித் துணியை எடுத்து, தவறுதலாக எண்ணெய் கொட்டிவிட்டது, ஒரு சொட்டும் மிஞ்சாமல் எடுத்தாக வேண்டும் என்ற நினைப்போடு அத்தனையையும் துடைத்துவிடுங்கள். மூலைவளைவுகளிலும், எண்ணெய் ஊற்றும் மூக்கிலும், அடியில் பொறித்த எழுத்துகளின் இடுக்கிலும் எண்ணெய் தங்கும். துணியை விரல்நுனியில் சுற்றி அங்கெல்லாம் துடைக்க வேண்டும். துடைத்து முடித்த பாத்திரத்தில் ஈர மினுக்கம் இருக்கக் கூடாது. எண்ணெயே தடவாததுபோல் மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம். துணியில் பழுப்பாகவோ கறுப்பாகவோ வருவது துருத் தூளும் கரித் தூளும்தான், அதனால் கெடுதல் இல்லை.

நான் முதன்முதலில் பழக்கிய சட்டியில் இந்தத் துடைப்பைச் செய்யவில்லை. எண்ணெய் மிகுந்தால் படலம் உறுதியாகும் என்று எண்ணி மினுமினுக்கத் தடவி ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது உட்புறம் முழுவதும் தேன் நிறத்தில் துளித்துளியாக உறைந்து, தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. அத்தனையையும் மறுபடி உரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. துடைப்பதைப் பற்றி இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு அந்த இரண்டு நாள்களே காரணம்.

துடைத்த பாத்திரத்தை ஓவனில் கவிழ்த்து வைத்து, 200 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுங்கள். சூடேறத் தொடங்கிய 10 நிமிடத்தில் எண்ணெய் இளகி, நுண்துளைகளில் ஒளிந்திருந்தது மேலே வந்து சிறு முத்துகளாகத் திரளும்; அப்போது ஒரு முறை கவனமாக வெளியே எடுத்து மறுபடி துடைத்துவிட்டால் திட்டுத் திட்டாகப் படிவதைத் தவிர்க்கலாம். முழுச் சூட்டை எட்டியதிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு, பிறகு அணைத்துவிட்டு, உள்ளேயே ஆறவிடுங்கள். புகை வரும் என்பதால் சன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டில் கூண்டுப் பறவைகள் இருந்தால் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள், அவற்றின் நுரையீரல் புகையைத் தாங்காது.

முதற்சுற்று முடிந்ததும் பாத்திரம் கன்னங்கரேலென்று இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெண்கல நிறத்திலோ தேயிலைச் சாற்றின் நிறத்திலோ, ஒருபுறம் அடர்ந்தும் மறுபுறம் வெளிறியும் இருக்கும். இரண்டாம் சுற்றில் பழுப்பு அடரும். மூன்று அல்லது நான்கு சுற்றுகளுக்குப் பிறகு சமைக்கத் தொடங்கலாம். முழுக் கறுப்பு பல மாதச் சமையலில் தானாக வரும். பத்துப் பதினைந்து சுற்று ஏற்றுபவர்களும் உண்டு. அந்த உழைப்பால் கிடைப்பது பெரும்பாலும் பார்வைக்கான அழகுதான் என்பது என் கருத்து.

ஓவன் இல்லாதவர்கள் அடுப்பிலேயே செய்யலாம். சிறு தணலில் பாத்திரத்தை மெதுவாகச் சூடாக்கி, இடுக்கியில் பிடித்த துணியால் எண்ணெயை மெல்லத் தடவித் துடைத்து, இலேசாகப் புகை எழும் நிலையில் 10 முதல் 15 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி தடவ வேண்டும். பக்கச் சுவர்களில் வெப்பம் குறைவாக ஏறுவதால் அங்கே படலம் மெல்லப் பிடிக்கும். பாத்திரத்தை அவ்வப்போது சாய்த்துப் பிடித்து ஓரங்களுக்கும் சூடு காட்டுங்கள். தட்டையான கல்லுக்கு இந்த முறையே தாராளமாகப் போதும்.

அன்றாடப் பயன்பாடு

முதல் சில வாரங்களுக்கு எண்ணெய் சேர்த்து வதக்கும், பொரிக்கும், சுடும் சமையல்களுக்குப் பயன்படுத்துங்கள். தக்காளி, எலுமிச்சை, வினிகர் சேர்ந்த நீர்த்த உணவை நெடுநேரம் கொதிக்கவிட்டால், அமிலம் இளம் படலத்தைக் கரைத்து, உணவில் இரும்புச் சுவையை ஏற்றிவிடும். நன்றாகப் பழகிய பிறகு சிறிது நேரப் புளிப்பைச் சட்டி தாங்கும். ஆனாலும் சமைத்ததை அதிலேயே விட்டுவைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வார்ப்பிரும்பு வெப்பத்தைச் சீராகப் பரப்பும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதன் வெப்பம் கடத்தும் திறன் அலுமினியத்தின் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். பெருந்தீயில் வைத்தால் நடுப்பகுதி கொதிக்க, ஓரம் ஆறியிருக்கும். அதன் சிறப்பு, ஏறிய வெப்பத்தை விடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. ஆகவே சிறு தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமையாகச் சூடாக்குங்கள். அடிப்பிடிக்கிறது என்று குறைப்படுபவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை ஒன்றே தீர்வு.

சமைத்து முடித்ததும் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வெந்நீர்விட்டுத் தேய்ப்பானால் கழுவிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். சோப்பே படக்கூடாது என்ற எச்சரிக்கை, காரம் மிகுந்த பழைய சோப்புகளின் காலத்திலிருந்து வருவது. இன்றைய பாத்திரம் கழுவும் திரவம் இறுகிய படலத்தை ஒன்றும் செய்யாது. பகைவர்கள் ஊறவைப்பதும், பாத்திரம் கழுவும் இயந்திரமும்தான். கழுவியதும் துடைத்து, அடுப்பில் இரண்டு நிமிடம் வைத்து ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெயைத் தடவித் துடைத்து வையுங்கள்.

குறைகள் தோன்றினால்

பாத்திரம் பிசுபிசுத்தால் எண்ணெய் மிகுந்துவிட்டது அல்லது சூடு போதவில்லை என்று பொருள். மேலும் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்துப் பாருங்கள். அதிலும் இறுகாவிட்டால் அந்த இடத்தை எஃகு நாரால் தேய்த்தெடுத்து மறுபடி பழக்க வேண்டியதுதான். துடைக்கும் துணியில் கறுப்பு ஒட்டுவது பெரும்பாலும் கருகிய உணவுத் துகள். கல்லுப்பால் ஒரு முறை தேய்த்தால் குறையும். துருப் புள்ளி தோன்றினால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய் காட்டிச் சூடேற்றினால் போதும், முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. நாள்பட எடுக்காமல் வைத்த சட்டியில் சிக்கு நாற்றம் வந்தால், மேலே இறுகாமல் நின்ற எண்ணெய் கெட்டிருக்கிறது. சோப்பில் கழுவி, உலர்த்தி, ஒரு சுற்று சூடேற்றுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதாக இருந்தால் இடையே ஒரு காகிதத்தை இடுங்கள், படலம் உரசாமலும் ஈரம் தங்காமலும் இருக்கும். மூடி உள்ள பாத்திரத்தை இறுக மூடி வைக்காமல், மடித்த காகிதத் துண்டை விளிம்பில் செருகிச் சிறிது இடைவெளி விட்டு வையுங்கள்.